வெள்ளி மூடி போட்ட ஜாடி

பாளையங்கோட்டையில் அந்தக் கல்லூரி வாசலில் ‘சர்வகலாசாலை’ என்று பலகை மாட்டி ஆறு வருஷம் ஆகிவிட்டது. சர்வகலாசாலையாக நடத்த உத்தரவு கேட்டு மதராசுக்கு மனுப் போட்டும் அதே ஆறு வருஷம்தான். பலகை வந்துவிட்டது, உத்தரவு வந்துகொண்டிருந்தது. அதுவரைக்கும் சர்வ கலைகளில் இரண்டு மட்டும் அங்கே நடந்தன. ஒன்று வைத்தியம், மற்றது கமிட்டி கூடுவது. இரண்டாவதில்தான் தேர்ச்சி அதிகம்.

வைத்தியம் படிக்கிறவர்களுக்காகப் பின்கட்டில் ஓர் அங்காதிபாதச் சாலை இருந்தது. செத்தவர்களின் உடம்பை அறுத்து, எலும்பு எங்கே, நரம்பு எங்கே என்று காட்டிக்கொடுக்கும் இடம். ஊர்க்காரர்கள் அதைப் பிணக்கொட்டகை என்பார்கள். வளாகத்துக்குள் அந்தச் சொல்லைச் சொல்லக்கூடாது என்று தனித் தீர்மானம் உண்டு. அதற்கு மேற்பார்வையாளராக 1909-ல் வந்து சேர்ந்தவர் சுவிசேஷமுத்து.

ஆழ்வார்குறிச்சிப் பள்ளிக்கூட வாத்தியார் மகன். மிஷன் தயவில் சீமைக்குப் போய், எடின்பரோவில் ஒரு பேராசிரியரிடம் நாலு வருஷம் மூளை சீவிக்கொண்டிருந்தார். சீவுவது என்றால், தாளைவிட மெல்லிசாகச் சீவிக் கண்ணாடிச் சில்லில் ஒட்டிச் சாயம் ஏற்றிப் பூதக்கண்ணாடியில் பார்ப்பது. மனிதனுடைய பேச்சு மூளையில் எந்த இடத்திலிருந்து புறப்படுகிறது என்பது அவர்களுடைய ஆராய்ச்சி. இடது பொட்டுக்கு உள்ளே, கொஞ்சம் முன்தள்ளி, ஒரு புளியங்கொட்டை வைக்கிற அளவு இடம். அது செத்தால் வாய் இருக்கும், நாக்கு இருக்கும், பேச்சு இருக்காது. நானூறு மூளைகளைச் சுவிசேஷமுத்து தம் கையால் சீவினார். புத்தகம் பேராசிரியர் பேரில் வந்தது. முன்னுரையின் கடைசி வரியில் ‘தென்னிந்தியர் ஒருவருக்கும்’ நன்றி சொல்லியிருந்தது. அந்த ஒருவர் தாம்தான் என்பதற்கு அவரிடம் வேறு அத்தாட்சி கிடையாது.

இப்பேர்ப்பட்டவருக்குக் கல்லூரி கொடுத்த முதல் வேலை, பிணத்துக்கு ஆஜர் போடுவது.

வகுப்பு நேரத்தில் அறைக்குள் இருக்கும் எல்லோரும் பதிவேட்டில் ஏறவேண்டும் என்று விதி. மேசைமேல் கிடக்கிறவரும் அறைக்குள்தானே கிடக்கிறார். அதனால் காலையில் மணி அடித்ததும் சுவிசேஷமுத்து ‘மேசை ஒன்று’ என்று கூப்பிட்டு, அதற்கு நேரே ‘ஆஜர்’ என்று தாமே எழுதிக்கொள்வார். மாணவர்கள் அறுத்து முடித்துக் கையும் காலும் வேறு வேறு மேசைக்குப் போய்விட்ட ஒருநாள், மனச்சாட்சிக்குப் பயந்து ‘பாதி ஆஜர்’ என்று எழுதினார். மீதிப் பாதி யாருடைய அனுமதியின்பேரில் வெளியே போயிற்று என்று விளக்கம் கேட்டு மறுநாளே காகிதம் வந்தது.

கத்தி வைக்குமுன் ஜெபம் உண்டு. மேசைமேல் கிடப்பவர் ஞானஸ்நானம் பெறாதவராக இருந்தால் அவர் காதில் ஜெபம் விழலாமா என்று மூன்று கூட்டம் பேசினார்கள். ஜெபம் முடிகிறவரைக்கும் அவர் முகத்தைத் துணியால் மூடுவது என்று தீர்ந்தது. முதல் வருஷம் இதையெல்லாம் சுவிசேஷமுத்து சீமைச் சிநேகிதர்களுக்கு வேடிக்கையாகக் கடிதம் எழுதினார். இரண்டாம் வருஷம் எழுதவில்லை. மூன்றாம் வருஷம் அந்தத் துணியை யாரும் சொல்லாமல் அவரே தோய்த்து மடித்து வைத்திருந்தார்.

காரணம் இல்லாமல் இல்லை. அவருடைய உத்தியோகம் தற்காலிகம். 1912 டிசம்பரில் ஒன்று நிரந்தரம் ஆகும், இல்லையென்றால் பெட்டி கட்டவேண்டும். அவர் மனைவி சாலோமி, நிரந்தரம் ஆகிவிட்டதென்று ஆழ்வார்குறிச்சி முழுக்க ஏற்கெனவே சொல்லி முடித்திருந்தாள்.

சாலையின் வடக்குச் சுவரில் ஜாடி அலமாரி. ஈரல், குண்டிக்காய், ஆறு விரல் உள்ள பாதம், இப்படி இருபத்தேழு ஜாடிகள் சாராயத்தில் மிதந்தன. சுவிசேஷமுத்து அவற்றை உறுப்புவாரியாக அடுக்கி வைத்தார். கமிட்டித் தலைவர் ஜேசுதாசன் வந்து பார்த்தார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், இப்போதும் எதிரே நிற்கிறவரை மூன்றாம் வகுப்பாகவே பாவிக்கிறவர்.

“கோயிலிலே யார் யார் எந்த பெஞ்சியிலே உட்காருகிறார்கள் என்று உமக்குத் தெரியுமா?”

“தெரியும் ஐயா.”

“அங்கே முன்பெஞ்சியில் உட்கார்ந்தவருடைய ஈரல், இங்கே கீழ்த்தட்டில் உட்காரலாமா? கர்த்தருக்கு முன்னால் எல்லாரும் சமம். அது வேறே. அலமாரிக்கு முன்னால் ஒரு ஒழுங்கு வேண்டாமா?”

ஒழுங்கு வந்தது. கோயில் பெஞ்சி வரிசைப்படி ஜாடிகள் ஏறின, இறங்கின. கோயிலுக்கே வராதவர்களின் உறுப்புகள் அடித்தட்டுக்குப் போயின. மேல்தட்டில் தன்னந்தனியாக, வெள்ளி மூடி போட்டு, ராவ் சாகிப் சாலமோனின் மூளை.

ராவ் சாகிப், தலைவர் ஜேசுதாசனுக்கு மாமனார். பள்ளிக்கூட இன்ஸ்பெக்டராக இருந்தவர். பரிசளிப்பு விழாவில் மூன்று மணி நேரம் பேசுவார், பிள்ளைகள் மயங்கி விழுந்தால் தண்ணீர் தெளிக்கச் சொல்லிவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடருவார். ஐரோப்பாவில் பெரிய மனிதர்கள் செத்தால் மூளையை எடுத்துப் பாதுகாக்கிறார்கள் என்று பத்திரிகையில் படித்து, தம்முடையதையும் கல்லூரிக்கு உயில் எழுதி வைத்தார். எழுதிய மறுவருஷம் ஒருநாள் காலை, காப்பி கேட்க வாயெடுத்தார், வார்த்தை வரவில்லை. பிறகு வரவே இல்லை. சாகிறவரைக்கும் இரண்டு வருஷம் அப்படியே இருந்தார். குடும்பத்தார் அதை வெளியே சொல்லவில்லை. ‘தம் கடைசி இரண்டாண்டுகளை மௌன தியானத்தில் கழித்தார், ஆண்டவரிடம் மட்டுமே பேசினார்’ என்று அச்சடித்த சரித்திரத்தில் போட்டிருந்தது.

1910-ல் மண்டையைத் திறந்து அந்த மூளையை எடுத்தவர் சுவிசேஷமுத்துதான். தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றவன் சாலைச் சேவகன் இசக்கி. இடது பக்கம், அந்தப் புளியங்கொட்டை அளவு இடத்தில், பழுப்பு நிறத்தில் ஒரு குழி. எடின்பரோவில் இதற்காக நாலு வருஷம் தேடியிருக்கிறார். சந்தோஷத்தில் தம் சொந்த நோட்டில் படம் வரைந்து வைத்தார். யாரும் கேட்கவில்லை, அதனால் யாருக்கும் சொல்லவில்லை.

சாலையில் இருந்த மற்றொரு மூளை பூதத்தானுடையது. ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு மராமத்தில் கல் சுமந்த கூலிக்காரர். காய்ச்சலில் விழுந்தவரை மேஸ்திரி வண்டியில் போட்டுக் கொண்டுவந்து தர்ம ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டுப் போனான். மனைவி சுடலைவடிவு அப்போது ஏரலில் தங்கச்சி பிரசவத்துக்குப் போயிருந்தாள். சேதி கிடைத்து அவள் நடந்து வந்து சேர நாலு நாள் ஆயிற்று. அதற்குள் ‘உரிமை கோராத பிணம்’ என்று எழுதிச் சாலைக்கு அனுப்பி, சாலையில் ஆஜர் போட்டு, அறுத்து, மிச்சத்தை எங்கேயோ புதைத்தும் முடிந்திருந்தது. மூளை மட்டும் ஜாடியில் இருந்தது. ஒரு குறையும் இல்லாத, பாடப்புத்தகத்தில் வரைந்த மாதிரி மூளை.

அதையாவது கொடுங்கள், மண்ணில் வைக்கிறேன் என்று அவள் அமாவாசைக்கு அமாவாசை வந்தாள். ஆபீசில் முறையாகப் பதில் சொன்னார்கள். உரிமை கோராத பிணம் என்று பதிவான பிணத்துக்கு இப்போது ஒருத்தி உரிமை கோரினால் பதிவேடு பொய்யாகிவிடும். பதிவேடு பொய்யாகக் கூடாது. ஆகவே அவள் உரிமை கோரவில்லை.

“நான் நிக்கேனே அய்யா, கோரிக்கிட்டுத்தான நிக்கேன்” என்பாள் சுடலைவடிவு.

“அதைக் குறித்துக்கொள்ளப் பத்தி இல்லை” என்பார் குமாஸ்தா.

பதினோரு அமாவாசை ஆயிற்று. ஒவ்வொரு தடவையும் சுவிசேஷமுத்து பின்கட்டு ஜன்னலிலிருந்து அவளைப் பார்ப்பார். பார்த்துவிட்டுப் பூதக்கண்ணாடியைத் துடைப்பார்.

ஐப்பசி அடைமழையில்தான் கோளாறு வந்தது. ராவ் சாகிபின் நினைவுநாளுக்கு முன்னால் அவர் மகள் ஞானசௌந்தரி வெள்ளி மூடியைப் புளி போட்டு விளக்க வீட்டுக்கு எடுத்துப் போவது வழக்கம். அந்த வாரத்தில் இசக்கி மூளை ஜாடிகள் இரண்டையும் இறக்கி, சாராயம் மாற்றி, மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தான். பெயர்ச் சீட்டுகள் கஞ்சிப் பசையில் ஒட்டியவை. மழைக்கு ஒதுங்கிய கரப்பான்கள் பசையையும் தின்றன, பசையோடு பெயர்களையும் தின்றன. திங்கட்கிழமை காலையில் பெயரில்லாத இரண்டு மூளைகள் சமமாக உட்கார்ந்திருந்தன.

அவசரக் கூட்டம் போட்டார்கள். சுவிசேஷமுத்துவுக்கு உள்ளூரச் சந்தோஷம். மூன்று வருஷத்தில் முதல்முறையாகத் தம்முடைய படிப்பு வேண்டியிருக்கிறது. கோட்டைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு, நோட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

“அய்யா, பையப் பேசுங்க” என்றான் இசக்கி.

“இதில் பேச என்ன இருக்கு? பார்த்த மாத்திரத்திலே தெரியுதே.”

“அதனாலதான் சொல்லுதேன்.”

கமிட்டியார் ஏழு பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். குடும்பத்தின் சார்பில் ஞானசௌந்தரி, விளக்கிய மூடியை மடியில் வைத்துக்கொண்டு ஓரமாக இருந்தார். ஜாடிகளை நடுவில் வைத்து ஜெபம் ஆயிற்று. முகம் இல்லாததால் எதை மூடுவது என்று யாருக்கும் தெரியவில்லை. மூடாமலே ஜெபித்தார்கள்.

“சொல்லும்” என்றார் தலைவர்.

“குழப்பமே இல்லை ஐயா. இதோ, இந்தக் குழி இருக்கிறதே, இதுதான் பேச்சு பிறக்கும் இடம். ரத்தக்குழாய் அடைத்து இந்த இடம் செத்துப் போயிருக்கிறது. இந்த மூளைக்குரியவர் கடைசிக் காலத்தில் பேச முடியாமல் இருந்திருக்க வேண்டும். ஆகவே இதுதான்...”

அப்போதுதான் அவர் தலைவருடைய முகத்தைப் பார்த்தார்.

ஜேசுதாசன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “இந்த ஜில்லாவில் பேசியே பேர் எடுத்தவர் என் மாமனார். அவர் மூளையில் பேசுகிற இடம் அழுகிப் போயிருக்கிறது என்று தம்பி சொல்லுகிறார். கமிட்டியார் கேட்டுக்கொள்ளுங்கள்.”

“அழுகவில்லை ஐயா...”

“அப்படியானால் அவர் மௌன தியானம் செய்யவில்லை. பேச மாட்டாமல் கிடந்தார். நான் அச்சடித்த ஐந்நூறு பிரதியும் பொய். அப்படித்தானே?”

“என் நோட்டில் அன்றைக்கே படம்...”

“அந்த நோட்டில் ஆபீஸ் முத்திரை இருக்கிறதா? பக்கத்துக்கு எண் போட்டிருக்கிறதா?”

இல்லை. சுவிசேஷமுத்து நோட்டை மூடினார்.

வக்கீல் குற்றாலலிங்கம் தொண்டையைச் செருமினார். சர்க்கார் நியமித்த அங்கத்தினர். எதையும் அறிந்துகொள்ளாமலே வாதாடி ஜெயித்துப் பழகியவர். “இதுக்கு எதுக்கு வே சீமைப் படிப்பு? குழி எப்படி விழும்? பாரம் ஏறினால் விழும். கூலிக்காரன் இருபது வருஷம் தலையிலே கல்லு சுமந்திருக்கான். மண்டை அமுங்கி, உள்ளே பள்ளம் விழுந்துட்டு. ராவ் சாகிப் தலையிலே தலைப்பாகையைத் தவிர என்னத்தைச் சுமந்தாரு? குழி கூலிக்காரனுக்கு, குறையில்லாதது ராவ் சாகிபுக்கு. இது சாதாரண நியாயம்லா.”

கமிட்டியார் தலையாட்டினார்கள். ஒருவர் தம் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

சுவிசேஷமுத்து ஞானசௌந்தரியைப் பார்த்தார். இரண்டு வருஷம் அப்பாவுக்குக் கஞ்சி ஊட்டிய மகள். அவர் குழியுள்ள மூளையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கண்ணை எடுத்துச் சுவிசேஷமுத்துவைப் பார்த்தார். அது யாருடைய மூளை என்பது மற்றவருக்கும் தெரியும் என்று இரண்டு பேருக்கும் தெரிந்தது. ஞானசௌந்தரி முந்தானை நுனியால் வெள்ளி மூடியைத் துடைக்க ஆரம்பித்தார். அது முன்பே பளபளப்பாகத்தான் இருந்தது. சுவிசேஷமுத்து தம் பூட்சைப் பார்த்தார்.

“கமிட்டியின் தீர்மானம் எப்போதும் ஏகமனதாகவே இருந்திருக்கிறது” என்றார் தலைவர். “வக்கீல் முன்மொழிந்திருக்கிறார். விஞ்ஞான விஷயமானதால் விஞ்ஞானி ஒருவர் வழிமொழிவது அழகு. அடுத்த விஷயம், தம்பியுடைய உத்தியோகத்தை நிரந்தரம் ஆக்குவது. இதை முடித்துவிட்டு அதற்குப் போகலாம்.”

நானூறு மூளைகளில் பேச்சு பிறக்கும் இடத்தைத் தேடிய மனிதர் வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. வராததே சம்மதம் என்று குமாஸ்தா எழுதிக்கொண்டார்: ‘வழிமொழிந்தவர், சீமையில் மூளை சாஸ்திரம் பயின்ற சுவிசேஷமுத்து.’ கல்லூரிக்கு வந்த நாளாக அவருடைய பேரும் படிப்பும் முழுசாக எழுத்தில் ஏறியது அன்றைக்குத்தான்.

பூதத்தானின் மூளைக்கு வெள்ளி மூடி போட்டு, அரக்கு வைத்து, தலைவர் தம் மோதிரத்தால் முத்திரை பதித்து மேல்தட்டில் ஏற்றினார்கள். எல்லோரும் எழுந்து நின்று ஒரு சரணம் பாடினார்கள். ஞானசௌந்தரிக்கு இரண்டாம் வரிக்குமேல் குரல் எழும்பவில்லை. துக்கம் என்று நினைத்து ஒருவர் தண்ணீர் கொடுத்தார்.

குழியுள்ள மூளை மேசையில் தனியாக நின்றது. சாஸ்திரம் தெரிந்த வெளியூர்க்காரன் எவனாவது ஒருநாள் வந்து அதைப் படித்துவிடுவான் என்று வக்கீலுக்குத் தோன்றியிருக்க வேண்டும். “அந்தப் பொம்பளை ஒருத்தி கேட்டுக்கிட்டே இருக்காள்லா? கொடுத்திருவோம். புண்ணியம்” என்றார். பதினோரு அமாவாசையாகப் பொய்யாகக் கூடாதிருந்த பதிவேட்டில் அரை நிமிஷத்தில் புதிதாக ஒரு பத்தி போட்டார்கள். நிபந்தனை ஒன்றுதான். கல்லூரிச் சொத்து தாலுகா எல்லையைத் தாண்டக் கூடாது. மேற்பார்வையாளர் முன்னிலையில் இங்கேயே அடக்கம் செய்து கையெழுத்து வாங்கவேண்டும்.

அடுத்த அமாவாசைக்குச் சுடலைவடிவு வந்தபோது, ‘கோரிக்கை ஏற்கப்பட்டது’ என்று குமாஸ்தா சொன்னதை அவள் இரண்டு தடவை திருப்பிக் கேட்டாள். பிறகு புதுமண் கலயம் ஒன்று வாங்கி வந்தாள்.

மூன்று பேருமாக வண்ணார்பேட்டை ஆற்றங்கரைக்கு நடந்தார்கள். கலயத்தை அவள் இடுப்பில் வைத்துக்கொண்டாள். இசக்கி மண்வெட்டியோடு பின்னால் வந்தான். சுவிசேஷமுத்துவின் கோட்டுப் பையில் இரண்டு காகிதங்கள் இருந்தன. ஒன்று அவள் விரல் ரேகை வைக்கவேண்டிய ரசீது. மற்றது நிரந்தர உத்தியோகத்தின் உத்தரவு, காலையில்தான் வந்திருந்தது.

“இந்த இடம் போதும்யா” என்றாள் சுடலைவடிவு, வெள்ளம் ஏறாத மேட்டைக் காட்டி. “இந்தத் தண்ணி எங்க ஊருக்குத்தான போவுது. நான் அங்கன நின்னு குளிச்சாலும் அவுகளைத் தொட்ட மாதிரிதான்.”

இசக்கி குழி வெட்டினான். அவள் கலயத்தின் துணியை அவிழ்த்தாள். பயப்படவில்லை. ஒரு கைப்பிள்ளையைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

“இம்புட்டுத்தானா?” என்றாள். “நல்ல ஒசரமான மனுசன்.” அப்புறம் விரலை நீட்டி, தொடாமல், “இங்கன என்னய்யா பள்ளம்?”

சுவிசேஷமுத்து யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம். எழுதி, வழிமொழிந்து, முத்திரை வைத்த வாசகம் தானாக வாயில் வந்தது.

“தலைச்சுமை தூக்கித் தூக்கி விழுந்ததும்மா.”

சுடலைவடிவு அப்படியே மண்ணில் உட்கார்ந்தாள்.

“நாந்தான்யா ஏத்திவிட்டது” என்றாள். “அணைக்கட்டுல அவுக சுமக்க, நான் ஏத்திவிட. எங்களைச் சோடியாத்தான் கூலிக்கு எடுப்பாங்க. ‘பைய ஏத்து புள்ள, தலை விண்ணு விண்ணுங்கு’ன்னு சொல்லுவாக. மேஸ்திரி பாக்கான், வெரசலா நடவும்னு ஏசுவேன். இன்னொரு கல்லையும் சேத்து வைப்பேன். என் கையாலதான் வச்சேன்.” தன் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்தாள். அப்புறம் கலயத்துக்குள் குனிந்து, யாருக்கும் கேட்காத குரலில் எதையோ சொல்லி மன்னிப்புக் கேட்டாள்.

ராவ் சாகிப் சாலமோனின் மூளை பதில் சொல்லவில்லை.

சுவிசேஷமுத்து கையைக் கோட்டுப் பைக்குள் விட்டார். சொல்லவேண்டியவை இரண்டு வாக்கியங்கள். பள்ளம் சுமையால் வந்ததில்லை என்பது ஒன்று. இது உன் புருஷனே இல்லை என்பது இரண்டாவது. சொன்னால் இவள் ஆபீசுக்கு ஓடுவாள், பைத்தியம் என்று விரட்டுவார்கள், பாவம் என்று தமக்குத் தாமே ஒரு காரணம் சொல்லிப் பார்த்தார். பையில் இருந்த உத்தரவு கசங்கியது. முதல் வாக்கியத்தைச் சொன்னால் இரண்டாவது தன்னால் வந்துவிடும் என்று நினைத்துக்கொண்டு அவள் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

“அம்மா, இங்கே பாருங்க. சுமையாலே இப்படி வராது. மண்டையோடு கெட்டி, உள்ளே அமுங்காது. இது ரத்தக்குழாய் அடைச்சு வந்த நோவு. கல்லு சுமக்காதவங்களுக்கும் வரும், நாற்காலியிலேயே உட்கார்ந்து இருந்தவங்களுக்கும் வரும். நீங்க ஏத்தின கல்லுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை. நான் நானூறு மூளை பார்த்தவன். சத்தியமாச் சொல்லுதேன்.”

மூன்று வருஷத்தில் அவர் சொன்ன முதல் முழு உண்மை அதுதான்.

சுடலைவடிவு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவரைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. இரக்கம் இருந்தது.

“மொதல்ல சொன்னீயளே, அதான் நெசம்” என்றாள். “கேட்டதும் பட்டுன்னு வந்துச்சுல்லா. இப்ப சொல்லுதது நான் அழுததுக்காக. எனக்குத் தெரியாதாய்யா? இந்த ஒரு வருசமா அந்தக் கட்டடத்துல எத்தனை பேரைப் பாத்துட்டேன். ஒருத்தர் எனக்காக ஒரு பொய்யாவது சொல்லலையே. நீங்க சொல்லுதிய. நீங்க நல்லா இருக்கணும்.”

இரண்டாவது வாக்கியத்தை விட்டுவிட்டுச் சுவிசேஷமுத்து எழுந்து நின்றார்.

அவள் துணியைக் கட்டிக் கலயத்தைக் குழியில் இறக்கினாள். ஒரு பிடி மண் போட்டாள். பிறகு கையைத் தட்டிக்கொண்டு, கூச்சத்தோடு, “எங்களுக்குப் பிள்ளை இல்லய்யா. கூட வந்த ஆம்பளையா நீங்க ஒரு பிடி போடுங்க. பேரைச் சொல்லிப் போடணும்” என்றாள்.

இசக்கி மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு ஆற்றின் அக்கரையைப் பார்க்க ஆரம்பித்தான்.

சுவிசேஷமுத்து கோட்டைக் கழற்றிக் கீழே வைத்தார். குனிந்து மண்ணை அள்ளினார். திக்கவில்லை, தடுமாறவில்லை, கமிட்டி அறையில் வராத குரல் நல்ல கணீரென்று வந்தது.

“பூதத்தான்” என்றார்.